சாரத்தில் இறங்காமல் நின்ற வாக்கியம்

சட்டமன்ற உறுப்பினர் சந்திரகலா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புதுச்சேரியின் சாரம் பகுதிப் பால் பூத் வாசலில் மைக்கில் சொன்ன வாக்கியம் ஒன்று, சொல்லி முடித்த பிறகும் கலையாமல், அந்தத் தெருவின் மேலே மாடி ஜன்னல் உயரத்தில் மூன்று மாதம் நின்றது. "இந்தத் தெரு வாய்க்கால் வேலை தை பொறந்ததும் முடிஞ்சிரும்" என்பதுதான் அந்த வாக்கியம். பால் வாங்க வந்தவர்கள் முதலில் யாரோ மைக் செட்டை அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் அதே குரல், அதே இழுப்பு, நடுவில் அவள் ஒருமுறை செருமிக்கொண்டது உட்பட, சிறிது நேரத்துக்கு ஒருதரம் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கத்திரிக்காய் கிலோ நாற்பது ரூபாய்.

சந்திரகலாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மில் தொழிலாளியின் மகள். சாரத்தில் இருபது வருடம் ஜாக்கெட் தைத்தவள். இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்ட தேர்தலில், தையல் மெஷின் சின்னத்தில் சுயேச்சையாக நின்று நடுவில் புகுந்து ஜெயித்தாள். எம்.எல்.ஏ. என்றால் ஏதோ எட்டாத உயரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். புதுச்சேரியில் தொகுதி என்பது சைக்கிளை நாலு மிதி மிதித்தால் முடிந்துவிடுகிற இடம். நகராட்சித் தேர்தல் நடந்து வெகுகாலமாகிவிட்டதால் தெருவிளக்கு, குப்பை வண்டி, காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ.தான் வந்து நிற்க வேண்டும். சொன்ன தேதியில் ஜாக்கெட் கொடுக்கிற தையல்காரியை உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்கள் அவளுக்கு ஓட்டுப் போட்டார்கள். அவளும் அதை மறக்கவில்லை. ஞாயிறு தோறும் பால் பூத் வாசலில் நின்று, எந்த உத்தரவு வந்தது, எந்த ஃபைல் எந்த மேசையில் தூங்குகிறது, ரேஷன் அரிசி எப்போது என்று தொகுதி மக்களுக்கு ஒப்பித்துவிட்டுப் போவாள். வாக்கியம் தெருவில் நின்றது அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான்.

புகார்கள் போயின. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் வந்து, அண்ணாந்து பார்த்து, பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று வாக்கியத்தை எச்சரித்துவிட்டுப் போனார். மின்துறைக்காரர்கள் கம்பத்தில் ஏறிச் சோதித்து, இதில் கரன்ட் இல்லை, ஆகவே எங்களுடையது அல்ல என்றார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற, தெருவில் எல்லோரும் சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லால் சொல்தா என்று கூப்பிடுகிற கிழவர், இது மேரிக்குச் சொந்தமான விவகாரம் என்றார். நகராட்சி அவருக்கு இன்னும் மேரிதான். கடைசியில் தூக்கம் கெட்டுப்போன இன்ஜினீயரும், அதைவிட அதிகமாகத் தூக்கம் கெட்ட கான்ட்ராக்டரும் ஆளைத் திரட்டி வேலையை முடுக்கினார்கள். தை பிறந்தது. கடைசி மூடுகல்லை வைத்ததும் வாக்கியம் பாதியில் அறுந்து, முனிசிபல் குழாயில் தண்ணீர் நிற்பதுபோல நின்றது. அன்று இரவு தெருவில் பலருக்கு ஏதோ குறைகிறாற்போல் இருந்ததாம்.

அதன் பிறகு அவள் சொன்ன வாக்கியங்கள் ஆங்காங்கே நிற்கத் தொடங்கின. அங்கன்வாடிக் கூரை மேல் ஒன்று, பேருந்து நிறுத்தத்தில் ஒன்று. முந்தைய உறுப்பினர்கள் சொன்னதெல்லாம் இப்படி நின்றிருந்தால் ஊரே செவிடாகியிருக்கும் என்று சனங்கள் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் அவளுடைய உதவியாளன் அருள்முருகன். கெட்டிக்காரன், கொஞ்சம் பயந்தவன். தேதி சொல்லாதீர்கள், "ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் சொல்லுங்கள் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தான். அவளும் இரண்டு ஞாயிறு அப்படியே சொல்லிப் பார்த்தாள். அந்த வாக்கியங்களுக்கு எடையே இல்லை. இலவம்பஞ்சு மாதிரி எழும்பி, சில கிழக்கே கடலுக்குப் போயின. வலை போட்டவர்கள் நடுக்கடலில் பரிசீலனையைக் கேட்டார்கள். ஒரு "ஆவன செய்யப்படும்" மேற்கே மிதந்து தமிழ்நாட்டை ஒட்டிய கோரிமேட்டு எல்லையில் சிக்கிக்கொண்டது. அது எங்கள் வானம் இல்லை என்று இரண்டு பக்கத்து அதிகாரிகளும் கையை விரித்துவிட்டதால் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு, அவளிடம் வருடக்கணக்கில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்த கார்குழலி கூட்டத்தில் எழுந்து, "எம்மா, எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஜாக்கெட் குடுத்தப்ப பரிசீலனைன்னா சொன்ன? செவ்வாக்கெழமன்னு சொன்ன, செவ்வாக்கெழம குடுத்த" என்றாள். அவ்வளவுதான். சந்திரகலா மறுபடி தேதி சொல்ல ஆரம்பித்தாள். தொகுதியில் வேலைகள் வழக்கத்துக்கு விரோதமாக நடந்தன. வீட்டுத் தரகர்கள் "மேலே வாக்கு நிக்காத வீடு" என்று சொல்லி வாடகையைக் கூட்டிக் கேட்டார்கள்.

வில்லங்கம் வந்தது வடிவேல் இறந்தபோது. வடிவேல் அவளுடைய அப்பாவோடு மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு கடைசிவரை வாட்ச்மேன் வேலையில் இருந்தார். பிள்ளைகுட்டி கிடையாது. துக்கம் கேட்கப் போன சந்திரகலா மாலையைப் போட்டுவிட்டு, அவருடைய மனைவி சிவசங்கரி அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னாள். "கவலப்படாதீங்கக்கா, நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்." சாவு வீட்டில் வேறென்ன சொல்ல முடியும்? வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், பந்தல்காரர் உட்பட. பிறகு, சாவு வீட்டு வழக்கப்படி போய் வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் கிளம்பினார்கள். மற்றவர்கள் சொன்னது அவரவரோடு போய்விட்டது. சந்திரகலா சொன்னது மட்டும் அந்த ஓட்டு வீட்டின் மேலே நின்றுவிட்டது. அன்றைக்கு அவளுக்குச் சளி பிடித்திருந்ததால் மூக்கடைத்த குரலிலேயே நின்றது.

வாய்க்கால் என்றால் கட்டி முடிக்கலாம். "பாத்துக்கறேன்" என்பதற்கு எந்த இடத்தில் மூடுகல் வைப்பது? சந்திரகலா விதவை உதவித்தொகை வாங்கிக் கொடுத்தாள். சத்தம் ஒருநாள் அடங்கி, மறுநாள் காலை பழையபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தது. ஒழுகிய ஓட்டை மாற்றினாள், மின்சார இணைப்பைப் பெயர் மாற்றிக் கொடுத்தாள், கண்புரை ஆபரேஷனுக்குக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றாள். எதற்கும் அது மசியவில்லை. சந்திரகலா சிவசங்கரியின் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கும். எழுந்து தெருமுனையைத் தாண்டினால் போதும், தொடங்கிவிடும். இப்படியே இரண்டு வருடம் ஓடித் தேர்தலும் வந்தது.

எதிரில் நின்றவர் ராஜவேல். சவுண்டு சர்வீஸ் வைத்து முன்னுக்கு வந்தவர். எந்த சத்தத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்தவர். அவர் தன் பிரச்சார வண்டியை நேராகச் சிவசங்கரி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். மேலே வாக்கியம் ஒலிக்கும்வரை காத்திருந்து, பிறகு மைக்கை எடுத்தார். "கேட்டீங்களா? ரெண்டு வருசமா ஒரு வீட்ட பாத்து முடிக்கல. முப்பதாயிரம் ஓட்ட எப்பிடிப் பாத்துப்பாங்க?" சனங்கள் சிரித்தார்கள். கேள்வியில் ஞாயம் இருக்கிறதே என்று சிலர் யோசிக்கவும் செய்தார்கள். தெருவுக்குத் தெரு இதே பேச்சானது. சந்திரகலாவுக்கு முதல்முறையாகத் தோற்கிற பயம் வந்தது. பதவி அவளுக்குப் பிடித்திருந்தது; அதை மறைப்பானேன்? ஞாயிற்றுக்கிழமை காலைகள் பிடித்திருந்தன. தான் சொல்வதைக் கேட்கப் பால் சொம்போடு சனம் நிற்பது பிடித்திருந்தது.

அருள்முருகன்தான் வழி கண்டுபிடித்தான். முன்பு ஒருமுறை, தெருவிளக்கு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன முருகையன் என்பவர், "போதும்மா, எனக்கு வெளக்கே வேணாம்" என்று கத்த, அது அந்தக் கணமே அறுந்து விழுந்திருந்தது. ஆக, யாருக்குச் சொன்னோமோ அவரே வேண்டாம் என்று விட்டுவிட்டால் இறங்கிவிடும். சிவசங்கரி அம்மாளிடம் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் ராஜவேலின் வாயை அடைத்துவிடலாம். "நீங்க கேட்டா அந்தம்மா மாட்டேன்னா சொல்லப் போவுது? நாள் வேற இல்லக்கா" என்றான் அருள்முருகன்.

மறுநாள் பகலில் சந்திரகலா தனியாகவே போனாள். சிவசங்கரி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நின்று, எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். ஆட்டோக்களின் சத்தத்துக்கு நடுவே, மூக்கடைத்த தன் குரல் ஓட்டின் மேலிருந்து சொன்னது: "கவலப்படாதீங்கக்கா, நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்." உடனே வீட்டுக்குள்ளிருந்து, மீன் ஆய்ந்துகொண்டே சிவசங்கரி பதில் சொல்வது கேட்டது.

"சரிடியம்மா. மொதல்ல உஞ் சளிய பாரு. மொளகு ரசம் வச்சிக் குடின்னா கேக்கறியா நீ?"

சந்திரகலா அங்கேயே நின்றாள். வாக்கியம் மறுபடி சொன்னது. உள்ளிருந்து பதிலும் மறுபடி வந்தது, இந்தமுறை சங்கரா மீன் விற்கிற விலையைப் பற்றி. இரண்டு வருடமாகத் தான் இல்லாத நேரமெல்லாம் இந்த வீட்டில் தன்னோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது. சந்திரகலா லேசில் அழுகிறவள் இல்லை.

உள்ளே போனபோது சத்தம் அடங்கியது. சிவசங்கரி தலையைத் தூக்கிப் பார்த்து, "வா சந்திரா. அருளு காலையில வந்துட்டுப் போனான். நான் வேணாம்னு சொன்னா எறங்கிடுமாமே? இத மின்னாடியே சொல்றதுக்கு இன்னா? ஒனக்குக் கெட்ட பேரு எதுக்கு, இரு, இப்பவே சொல்லிடறேன்" என்று வாயைத் திறந்தார்.

சந்திரகலா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். செதில் எல்லாம் புடவையில் ஒட்டிக்கொண்டது.

"சொல்லாதீங்கக்கா. எனக்கு ரசம் மட்டும் ஊத்துங்க, போதும்."

அவள் தோற்றாள். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் தோல்வி தோல்விதான். ராஜவேலின் ஊர்வலம் அவள் வீட்டைத் தாண்டும்போது வேண்டுமென்றே இரண்டு சரம் அதிகம் வெடித்தது. மறுநாள் வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை. அருள்முருகன் தலைவலி என்று சொல்லி அனுப்பியிருந்தான். ஐந்து வருடமாக விடியும்முன் ஆள் நிரம்பிவிடும் அந்த வீடு எழவு விழுந்த வீடுபோலக் கிடந்தது. சந்திரகலா தையல் மெஷின் மேலிருந்த உறையை எடுத்துவிட்டு, நூல் கோக்கத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உச்சி வெயிலில் சிவசங்கரி ஒரு தூக்கில் மிளகு ரசமும் இன்னொன்றில் கருவாட்டுக் குழம்புமாக நடந்தே வந்தார். சோறு போட்டு, ரசத்தை ஊற்றி, அவள் சாப்பிடுகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதடி, நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்" என்றார். வீடு இருந்த இருப்பைப் பார்த்துப் பழக்கதோஷத்தில், போய் வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அடுத்த நாள் காலை சந்திரகலா பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, மொட்டை மாடிக்கு மேலே வெற்றிலை வாயோடு ஒரு கிழக்குரல் சொன்னது: "கவலப்படாதடி, நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்." சந்திரகலா வாயைக் கொப்பளித்துவிட்டு, "சரிக்கா" என்றாள். அன்றைக்கே மெஷினில் நூல் கோத்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பால் பூத் வாசலில் ராஜவேல் பேசுகிறார். நல்ல மைக், நல்ல ஸ்பீக்கர், கணீரென்று கேட்கிறது. ஆனால் சொன்னது எதுவும் நிற்பதில்லை, ஒயரைச் சுருட்டியதும் போய்விடுகிறது. சனங்கள் ஒரு மரியாதைக்குக் கேட்டுவிட்டு, எந்த ஃபைல் எங்கே தூங்குகிறது என்று விசாரிக்க ஜாக்கெட் துணியோடு சந்திரகலா வீட்டுக்கு வருகிறார்கள். அவளும் தைத்துக்கொண்டே சொல்கிறாள், தேதியோடு. சொல்தா கிழவர் அந்த இரண்டு குரல்களையும் வைத்து நேரம் பார்த்துத்தான் மாத்திரை போட்டுக்கொள்கிறார். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒன்றைச் "சளி பாத்துக்கறேன்" என்றும் மற்றொன்றை "வெத்தல பாத்துக்கறேன்" என்றும் பெயர் வைத்து, கேட்ட இடத்தில் ஆளை இறக்கிவிடுகிறார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் சத்தம் நின்றுபோனால் யாரும் பதறுவதில்லை. இருவரும் ஏதோ ஒரு வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்த வீடு என்பது ரச வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் தெரிந்துவிடும்.