காதில் விழுந்த சத்தம்

நான்காம் படுக்கையில் இருந்த லேத் பட்டறைக்காரர் ஒரு மதியம் இரண்டே முக்காலுக்கு இறந்துபோனார். நுரையீரலில் சளி கட்டி வந்தவர், தேறிக்கொண்டிருந்தார். மறுவாரம் வென்டிலேட்டரை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்படியோ தொண்டைக்குப் போகும் குழாய் கழன்றுகொண்டது. மெஷின் அலாரம் அடித்தது. படுக்கைப் பக்கம் ஒருவர் வந்து சேர நான்கு நிமிஷம் ஆகிவிட்டது.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. எட்டுப் படுக்கை கொண்ட அந்த வரிசைக்கு அன்று பொறுப்பு, ஐசியூவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த தலைமை நர்ஸ். எல்லாருக்கும் அவர் பெரிய சிஸ்டர். அவரிடம் குழு கேட்டது ஒரே கேள்விதான்.

"அலாரம் அடிச்சது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல" என்றார் பெரிய சிஸ்டர்.

குழு அதை எழுதிக்கொண்டது. அலாரத்தின் சத்தம் போதவில்லை, யார் மேலும் குற்றமில்லை என்று அறிக்கை வந்தது. சத்தத்தைக் கூட்டித் தரும்படி மெஷின் செய்யும் கம்பெனிக்குக் கடிதம் போனது. எட்டு மாதம் கழித்துக் கம்பெனி ஒரு பெண்ணை அனுப்பிவைத்தது.

முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு மைக், ஒரு லேப்டாப். மெஷின்களுக்குச் சத்தம் செய்து கொடுப்பதுதான் தன் தொழில் என்றாள். வந்த அன்றே நர்ஸ்கள் அவளுக்குச் சத்தக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள்.

கூட்ட அறையில் மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஒரு சத்தம் செய்ய எனக்கு ரெண்டு நாள் ஆகும். வாயால செஞ்சா ரெண்டு செகண்ட். படம் வரையறவங்க முதல்ல பென்சில்ல கிறுக்கிப் பார்ப்பாங்க இல்லையா, அந்த மாதிரி. பிடிக்கலன்னா விட்டுட்டு அடுத்தது. இதுக்கு அழிரப்பர்கூட வேண்டாம். ஒருத்தர் மெஷின், ஒருத்தர் நர்ஸ். நர்ஸ் என்ன செய்றாங்களோ அதுக்கேத்த மாதிரி மெஷின் குரல் கொடுக்கணும்."

முதலில் எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது. ஆறடியார் என்று கேலிப்பெயர் வாங்கிய நெட்டை நர்ஸ் முன்னால் வந்து ஆம்புலன்ஸ் போல ஊளையிட்டான். அதன்பிறகு கூச்சம் விட்டுப்போனது. ஒருத்தி கொசு மாதிரி ரீங்கரித்தாள். பயிற்சி டாக்டர் ஒருவர் குக்கர் விசில் அடித்துக் காட்ட, "டாக்டர், மூணு விசில் வந்தா இறக்கிடலாமா?" என்று யாரோ கேட்டார்கள். வயிறு புண்ணாகும் அளவுக்குச் சிரித்தார்கள். பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார்.

அவர் முறை வந்தது. அவர் நர்ஸ், ஆறடியார் மெஷின். அவன் நாற்காலியில் உட்கார்ந்து "பீங், பீங்" என்று கத்தினான். அவர் நடந்து பக்கத்தில் போனார். அவன் நிறுத்தவில்லை. கையை அவன் தோளில் வைத்தார். அப்போதும் கத்தினான்.

"அதான் வந்துட்டேன்ல! இன்னும் என்னத்துக்குடா கத்துற?"

அறை கொல்லென்று சிரித்தது. சத்தக்காரி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "நீங்க வந்ததும் அது என்ன செய்யணும் சிஸ்டர்?"

பெரிய சிஸ்டர் யோசித்தார். "குழந்தை வீறிட்டு அழுவுது. நாம போய்த் தூக்குறோம். தூக்கினதும் அதே அழுகையா அழுவுது? விசும்பலா மாறிடும். பசி தீரல. ஆனா ஆள் வந்தாச்சுன்னு அதுக்குத் தெரியும்."

"அதைச் செஞ்சு காட்டுங்களேன்."

செய்து காட்டினார். மூக்கிலிருந்து வரும் சின்ன முனகல், இடையிடையே ஒரு தேம்பல். சத்தக்காரி மைக்கை நெருக்கிப் பிடித்தாள்.

"சரி. ஆள் இன்னும் வரல. அப்போ?"

பெரிய சிஸ்டர் வாயைத் திறந்தார். வந்தது ஒரு மூச்சு. உள்ளே இழுத்து, பாதியில் அடைத்து, மறுபடி இழுத்து, மறுபடி அடைபட்ட மூச்சு. தான் என்ன சத்தம் போடுகிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அன்று ஓடிப்போய்ப் பார்த்தபோது பட்டறைக்காரரின் தொண்டையிலிருந்து கடைசியாக வந்த சத்தம் அது. "தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று வெளியே போனவர் அதன்பின் கூட்ட அறைக்குத் திரும்பவில்லை.

மறுநாள் சத்தக்காரியே அவரைத் தேடி நர்ஸ்கள் ஓய்வறைக்கு வந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். அவருடைய குரலையே வைத்து ஒரு மாதிரிச் சத்தம் செய்திருந்தாள். திரையில் ஒரு புள்ளியைக் கட்டிலை நோக்கி நகர்த்தினால் அழைப்பு மெல்ல விசும்பலாகியது, தொட்டால் அடங்கியது. புள்ளியை விலக்கினால் மறுபடி எழுந்தது.

"இதுவரைக்கும் நான் செஞ்சதிலேயே இதுதான் உருப்படியானது சிஸ்டர். ஆனா கம்பெனியில செய்ய விடமாட்டாங்க."

"ஏன்?"

"அறிக்கையில சத்தம் போதலன்னுதானே இருக்கு? பழைய பீங்தான், ரெண்டு மடங்கு. எட்டு மெஷினுக்கும். அதை முடிச்சுக் கொடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டாங்க."

எட்டு மெஷினும் இரண்டு மடங்காக அலறுவதைப் பெரிய சிஸ்டர் நினைத்துப் பார்த்தார். "அது தப்பும்மா" என்றார்.

"எப்படித் தப்பு? அன்னிக்குக் கேக்கலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்று மாலை வீட்டில் அவர் கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். பெரிய சிஸ்டர் துடைக்கும் துணியோடு பக்கத்தில் நின்றார்.

"ஏங்க, அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சுங்க."

"என்னது?"

"அலாரம். அஞ்சாம் படுக்கைன்னு நெனச்சுட்டேன். அது காலையிலேர்ந்து சும்மா சும்மா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எட்டுக்கும் ஒரே குரல். நான் ஆறாம் படுக்கைக்காரருக்குச் சளி எடுத்துட்டிருந்தேன். இதை முடிச்சுட்டுப் போவோம்னு இருந்துட்டேன்."

அவர் குழாயை மூடினார். கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எட்டு மாசமா என்கிட்டகூடச் சொல்லலையே."

"வாய் வரல."

"சொன்னா வேலை போயிடுமா?"

"போனாலும் போகும்."

"வேன் இருக்கு. பாத்துக்கலாம். நீ சொல்லிடு" என்று சொல்லி மறுபடி குழாயைத் திறந்தார்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர் எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை படித்தார். "கெணத்துல போட்ட கல்லாக் கெடந்த விஷயம். யார் கேட்டாங்கன்னு இப்போ எடுத்துட்டு வர்றீங்க?"

"சத்தம் போதாம இல்ல சார். யாரோட சத்தம்னு தெரியாமப் போச்சு. நீங்க ரெண்டு மடங்காக் கூட்டினா இன்னும் ரெண்டு மடங்கு தெரியாமப் போகும். இன்னொருத்தர் செத்துடுவாங்க."

குழு மறுபடி கூடியது. பொய் சொன்னதற்காக மூன்று மாதம் பணியிடைநீக்கம். அதன்பிறகு பொது வார்டு. ஐசியூ பக்கம் பொறுப்புக் கிடையாது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இறந்தவரின் மனைவிக்குத் தானே நேரில் சொல்ல அனுமதிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்த அம்மா ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்கிறவர். கை முழுக்க இஸ்திரிச் சூடு பட்ட தழும்பு. கண்காணிப்பாளரின் அறைக்குப் பக்கத்து அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெரிய சிஸ்டர் ஒன்றையும் மழுப்பாமல் சொன்னார். அஞ்சாம் படுக்கை, ஆறாம் படுக்கை, நான்கு நிமிஷம், குழுவிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

"அவர் கூப்பிட்டது உங்க காதுல விழுந்துச்சு" என்றார் அந்த அம்மா.

"விழுந்துச்சும்மா."

"அவர் போன அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, நல்லாப் பாத்துக்கிட்டீங்க சிஸ்டர், நீங்க நல்லா இருக்கணும்னு சொன்னேன்."

"ஆமாம்மா."

"அந்த வார்த்தையைத் திருப்பிக் குடுங்க."

பெரிய சிஸ்டர் தலை குனிந்தார். என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "எடுத்துக்கோங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா எழுந்து போனார். மன்னிக்கவும் இல்லை, சபிக்கவும் இல்லை. மருத்துவமனைமேல் வழக்குப் போட்டார் என்று பின்னால் தெரிய வந்தது. சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது பெரிய சிஸ்டர் போய் அதையே சொன்னார்.

கம்பெனிக்குப் போட்ட கடிதத்தை மருத்துவமனை மாற்றி எழுதியது. சத்தக்காரி தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த மாதிரியையே செய்யப்போவதாகச் சொன்னாள்.

"விசும்பலை வச்சுக்கோ. அந்த மூச்சு மட்டும் வேண்டாம்" என்றார் பெரிய சிஸ்டர்.

"அதுதான் சிஸ்டர் எல்லாரையும் திரும்பிப் பாக்க வச்சது."

"அது என்னோடது இல்லம்மா. அவரோடது. அவங்க வீட்டம்மா என்னிக்காவது யாரையாவது பாக்க இங்க வந்தா?"

"எடுத்துடறேன்" என்றாள் சத்தக்காரி. அதற்குப் பதிலாக எட்டு நர்ஸ்களிடம் எட்டு அழைப்புகளை வாயால் செய்யச் சொல்லிப் பதிவு செய்தாள். படுக்கைக்கு ஒரு குரல். ஒன்று 'ம்ம்ம்' என்று கீழிருந்து எழும். இன்னொன்று நாக்கை மடித்துத் தட்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எந்தப் படுக்கை என்று நர்ஸ்கள் சொல்லப் பழகும்வரை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

பெரிய சிஸ்டர் பொது வார்டில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பின்னால்தான் அந்த மெஷின்கள் ஐசியூவுக்கு வந்தன. "ஒரு தடவை மேல வந்து கேட்டுட்டுப் போங்க சிஸ்டர்" என்று ஆறடியார் தினமும் நச்சரித்தான். அவர் ஏதாவது சாக்குச் சொன்னார். ஒருநாள் மதியம் தானாகவே மாடி ஏறிப் போனார். உள்ளே போக அனுமதி இல்லாததால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சத்தக்காரியைக் கூப்பிட்டார்.

"மூணும் ஏழும் குழப்புதும்மா. பக்கத்துல ஏதாவது தள்ளுவண்டி போனா ரெண்டும் ஒண்ணாக் கேக்குது."

"மூணு எப்படி இருக்கணும்? செஞ்சு காட்டுங்க சிஸ்டர்."

நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய சிஸ்டர் போனை வாயருகே வைத்து, அடித்தொண்டையில் இரண்டு தடவை சத்தம் கொடுத்தார். திருப்தியாக இல்லை. இன்னும் கொஞ்சம் இறக்கி, இழுத்து, மறுபடி கொடுத்தார்.

"இது சரியா இருக்கு. ரெண்டு நாள்ல மாத்திடறேன்" என்றாள் சத்தக்காரி.

பொது வார்டில் மருந்து கொடுக்கும் நேரம் ஆகிவிட்டிருந்தது. பெரிய சிஸ்டர் போனைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.