பின் இடப்பக்கத்துப் பாரம்

நெடுங்கேணிச் செந்தூரனின் காருக்கு முப்பத்தெட்டு வயது. அவன் மனைவி தயாளினிக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்கப் புதனும் சனியும் வவுனியா ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் போவாள். ஒரு முறை தவறினாலும் அவளுக்கு மூச்சு முட்டும். காட்டுப் பாதையில் காரின் சில்லுக் கழன்றால் என்ன ஆகும், கண்மணிகளே, யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காரில் புதிதாய் ஒரு சத்தம். தூரத்து வண்டுபோல ஊம்ம் என்று.

செவ்வாய்க்கிழமை காரை முத்துலிங்கத்தின் கராஜுக்குக் கொண்டுபோனான். அவர் ஜக் அடித்துக் காரைத் தூக்கி, ஒவ்வொரு சில்லாய்ச் சுற்றி, ஸ்பிறிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கரகரப்பே இல்லை.

"உன்ர காரில சத்தம் போடாதது ஹோண் மட்டும்தானடா. ஓடு, பாப்பம்."

வெறும் றோட்டில் ஓடினார்கள். "வலப்பக்கம் வெட்டு. அப்ப பாரம் இடப்பக்கம் சாயும்." வெட்டினான். ஊம்ம் உயர்ந்தது. இடப்பக்கம் வெட்ட, அடங்கியது.

"பின் இடப்பக்கச் சில்லின்ர பெயாரிங்தான் பழுது."

கழற்றிப் பார்த்தால், தேயாமல் கண்ணாடிபோல மினுங்கியது. அவருக்கே வெட்கம். இருந்தும் புதியதைப் போட்டார். உச்சி வெயிலில் மறுபடி ஓடினார்கள். அதே சத்தம்.

முத்துலிங்கம் இறங்கிப் பின்னால் குந்தினார். கார் இடப்பக்கம் இரண்டு விரற்கடை பதிந்து நின்றது.

"பின்னுக்கு என்னத்தை ஏத்தி வைச்சிருக்கிறாய்?"

"ஒண்டுமில்லையண்ணை."

"எப்ப துடங்கினது?"

செந்தூரன் சொன்னான். தயாளினியோடு சுத்திகரிப்புக்கு வந்தவள் சிவனேஸ்வரி. புளியங்குளத்துக்கு இங்கால் அவள் வீடு. பின் இருக்கையில் இடப்பக்கம் அவள், வலப்பக்கம் தயாளினி. வழி முழுக்கக் கதைதான். அவள் இறந்த பிறகு வந்த புதன்கிழமை, பழக்கத்தில் அவள் வீட்டுப் படலையில் நிறுத்தி, குரல் கொடுத்து, இறங்கிப் பின் கதவையும் திறந்துவிட்டான். நினைவு வந்து சாத்தினான். அங்கிருந்துதான் சத்தம்.

"என்ன கிழமை செத்தவா?"

"சனி."

"துணைக்குப் பாடையில கோழிக்குஞ்சு கட்டினவையோ?"

"அவவின்ர மகன் அதெல்லாம் வேண்டாமெண்டிட்டான்."

முத்துலிங்கம் காரிலிருந்து கையை எடுத்தார். "சனிப் பிணம் தனிப் போகாது. நாளைக்கு வேற வாகனம் பிடி, தம்பி. உன்ர மனுசியை இதில ஏத்தாதை."

விடியும்வரை தேடியும் வேறு வாகனம் கிடைக்கவில்லை. தயாளினியின் கால்கள் வீங்கிவிட்டன. அவன் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான்.

"சிவனேஸ்வரி அக்காவோ?" என்றாள். "அவா செத்தாப்பிறகு நான்தான் பயத்தில முன்னுக்குப் போயிருந்திட்டன். பாவம், தனிய விட்டிட்டன்."

பின் கதவைத் திறந்து, வலப்பக்கம் ஏறிக்கொண்டாள். வழி நெடுகத் தணிந்த குரலில் கதைத்துக்கொண்டே வந்தாள். வளைவுகளில் ஊம்ம் என்று வந்தது. செந்தூரன் பின்னைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை இறக்கிவிட்டு, இடப்பக்கக் கதவையும் திறந்து பிடித்தான். கார் மெல்ல நிமிர்ந்தது.

நாலு மணித்தியாலம். இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தான்.

தயாளினி வந்தாள். களைத்து, முகம் தெளிந்து, தன் காலாலேயே நடந்து வந்தாள். அவன் விம்மிப்போனான். அவளை வலப்பக்கம் ஏற்றிவிட்டு, திறந்தபடி நின்ற மற்றக் கதவைச் சாத்த ஓடினான்.

"பொறுங்கோப்பா," என்றாள் அவள். "அக்கா மெல்ல, ஆறுதலாத்தான் நடப்பா."