செம்பட்டைத் தலை முரசுக்காரன்

ப்ரூவிட் பட அச்சகத்தில் நீள மேசை ஒன்று, அதைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள். கறுப்பு மையில் அச்சான தாள் ஒரு முனையில் ஏறும். ஒவ்வொருத்தியும் தன் கிண்ணத்து வண்ணத்தை மட்டும் தீட்டி அடுத்தவளுக்குத் தள்ளுவாள். நடுவில் ஒரு மாதிரிப் படம் நிற்கும். அதில் உள்ளபடிதான் தீட்ட வேண்டும், சொந்த மூளைக்கு அங்கே வேலை இல்லை. ஹனோரா கீலியிடம் இருந்தது சிவப்பு. கொடியின் பட்டை, கன்னம், காயம் எல்லாம் அவள் பங்கு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் மூன்று வருஷத்தில் அவள் தீட்டாத ரத்தம் கிடையாது.

அன்று ஏறிய படத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. புகைக்கு நடுவில் ஒரு பொடியன் முரசு அடித்துக்கொண்டு நிற்கிறான். முரசின் தோள்வார் அறுந்த இடத்தில் ஒரு முடிச்சு. இரண்டு சுற்றுப் போட்டு நுனியை உள்ளே செருகும் அந்த முடிச்சு, சலவை மூட்டைக்கு அவள் போடுவது. அதை அவள் ஒரே ஒருவனுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

மலாக்கி, அவள் மகன். பன்னிரண்டு வயதில், பதினைந்து என்று புளுகிப் பட்டாளத்தில் சேர்ந்த கழுதை. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தான்: "அம்மா, எல்லாரும் திரும்பி ஓடினாங்க. நான் மட்டும் அடிச்சுக்கிட்டே நின்னேன். அதைக் கேட்டு ஓடினவங்க திரும்ப வந்துட்டாங்க. கால்ல குண்டு. ஆனா கால் இருக்கு. படம் போடறவர் ஒருத்தர் வந்து எல்லாத்தையும் கேட்டு வரைஞ்சுக்கிட்டாரு. ஆப்பிள் குடுத்தாரு. பேரைத்தான் கேக்கல."

படத்தின் கீழேயும் பேர் இல்லை. 'வீரச் சிறுவன்' என்று மட்டும் போட்டிருந்தது. மாதிரிப் படத்திலோ தலை நிறையப் பொன்னிறச் சுருள், பெரிய வீட்டுப் பிள்ளையைப் போல.

ஹனோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலாக்கியின் தலை தெருக்கோடியிலிருந்தே தெரியும் செம்பட்டை. அசல் அயர்லாந்துத் தலை. பிலடெல்பியாவில் அந்தத் தலைக்கு நல்ல வீடு கிடைக்காது, நல்ல வேலை கிடைக்காது. குண்டு பாயும் இடத்தில் மட்டும் முதல் வரிசை. வீரன் என்றதும் தலையையே மாற்றிவிட்டார்களே!

அவளுக்கு முந்தின இடத்தில் மஞ்சள் தீட்டுகிறவள் ஒட்டிலி, ஜெர்மன்காரி.

"ஒட்டிலி, தலையை விட்டுட்டுத் தள்ளு."

"கிறுக்குப் புடிச்சிருச்சாடி? மாதிரி கண்ணு முன்னால நிக்குது."

"இது என் பிள்ளைடி."

ஒட்டிலி படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "வேலை போயிரும்."

"போனா என்னோட போகட்டும். நீ மறந்துட்டேன்னு சொல்லிக்கோ."

"இருபது வருஷத்துல நான் ஒரு பொத்தான்கூட மறந்ததில்ல. என் மானத்தை வாங்கறியே," என்று முணுமுணுத்தபடி ஒட்டிலி பொத்தான்களுக்கு மட்டும் மஞ்சள் வைத்துத் தள்ளினாள்.

சாயங்காலத்துக்குள் அறுநூறு தாள். அறுநூறு தலையும் செம்பட்டை.

மறுநாள் காலை முதலாளி ப்ரூவிட் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "யார் பார்த்த வேலை இது?"

"நான்தாங்க."

"செம்பட்டைத் தலையை எவன்மா சுவத்துல மாட்டுவான்? வாங்கறவன் தன் வீட்டுப் பிள்ளையைத்தானே தேடுவான்!"

"அவன் வீட்டுப் பிள்ளை அங்க நிக்கலைங்களே. நின்னது என் பிள்ளை. எல்லாரும் ஓடினப்ப இந்தத் தலைதான் நின்னுச்சு."

"பேசாதே! மேல மஞ்சளைப் பூசுங்க எல்லாரும்."

ஒட்டிலி நிதானமாக ஒரு தாளை எடுத்துப் பூசிக் காட்டினாள். நீர்வண்ணத்துக்கு அடியில் இருப்பதை மறைக்கத் தெரியாது. செம்பட்டை இன்னும் பளிச்சென்று எரிந்தது. "சிவப்பு மேல மஞ்சள் ஏறாதுங்க," என்றாள், முகத்தைப் பச்சைப் பிள்ளை போல வைத்துக்கொண்டு.

காயம்பட்டவர்களுக்கு நிதி திரட்டும் சந்தை மறுநாள். திரும்ப அச்சடிக்க நேரமில்லை. ப்ரூவிட் பல்லைக் கடித்துக்கொண்டு தாள்களைக் கட்டச் சொன்னார், ஹனோராவை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தே வெளியேறினாள். ஒரு வருஷமாக நெஞ்சில் பயம்தான் இருந்தது. அன்று பெருமை வந்து அதை ஓரமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டது. பையன் வந்ததும் காதைத் திருகுவதாக இருந்ததில் மட்டும் மாற்றமில்லை.

மறுநாள் சந்தைக்குப் போனாள். கடையில் கொடி கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். எதிரே கட்டட வேலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். ஒரு தச்சன் தொப்பியைக் கழற்றித் தன் செம்பட்டைத் தலையைத் தட்டிக் காட்டினான்.

"பாருங்கடா, நம்ம தலை! நம்ம பயடா இவன்!" காசை வைத்துப் படத்தை வாங்கினான். "பேர்தான் போடாம விட்டுட்டானுங்க."

ஹனோரா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். "நம்ம பய இல்லப்பா. என் பய. மலாக்கி கீலி."

தச்சன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் படத்தைப் பலகைமேல் வைத்தான்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா. நிதானமா."