ஆற்றைக் கடந்து வந்த பட்டறை

கைப்பிடிப் பட்டறை ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆற்றைக் கடந்து வந்து, கம்பிப் பட்டறையை ஒட்டி நின்றுகொண்டது. தரை கொஞ்சம் ஈரம். லேத் மெஷினுக்கு அடியில் இரண்டு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மற்றபடி சேதமில்லை.

அதன் சொந்தக்காரி குடைக்குக் கைப்பிடி கடைகிறவள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பட்டறை இருந்த இடத்தில் தூண் குழிகள் மட்டும்தான் இருந்தன. பாலத்தைத் தாண்டி ஓடிவந்தாள். பட்டறை போய் நிற்கிற இடத்தைப் பார்த்ததும், இதற்கு அது தொலைந்தே போயிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஏனென்றால் குடைக்கம்பி வளைக்கிற அந்தப் பட்டறை அவள் அண்ணனுடையது. அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. பட்டனை அமுக்கினால் தானே விரியும் குடை ஒன்றை அவள் செய்து காட்டியபோது, அது விரிந்த வேகத்தில் அவர் மூக்கை உடைத்தது. “இது குடையா, கழுதையா?” என்றார் அவர். “கம்பி உன்னோடதுதானே, உதைக்காம என்ன செய்யும்?” என்றாள் அவள். அன்றே பட்டறையைப் பிரித்து அக்கரைக்குக் கொண்டுபோனவள்தான்.

டிராக்டர் வைத்து இழுத்துப் பழைய இடத்தில் விட்டாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. சங்கிலி போட்டுக் கட்டினாள், சங்கிலியோடு வந்தது. அதற்குள் குடைத்துணி வெட்டுகிறவரின் கொட்டகை, தையல்காரியின் கூடம், ஸ்பிரிங் சுற்றுகிற இரட்டையரின் அறை எல்லாம் ஒவ்வொரு திசையிலிருந்தும் கிளம்பி வந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. டீக்கடை கடைசியாக வந்தது, கொதிக்கிற பாலில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்.

இதில் மனசு உடைந்துபோனவர் தொழில் வளர்ச்சி அதிகாரி. ஊருக்கு வெளியே அகல ரோடு, நீரூற்று, கண்ணாடியால் ஒரு புதுமை மையம் என்று தொழிற்பேட்டை ஒன்றை ஆசை ஆசையாகக் கட்டி வைத்திருந்தார். ஈ காக்கை வரவில்லை. “எல்லா வசதியும் இருக்கு, வந்துருங்களேன்” என்று வீடு வீடாகக் கேட்டார். “எங்ககிட்ட கேட்டு என்ன சார் பிரயோஜனம்? கொட்டகைகிட்ட கேளுங்க” என்றாள் தையல்காரி. அவர் நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கொட்டகையிடமும் கேட்டார். அவை இன்னும் நெருங்கி நின்றன.

அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே இப்போது ஒற்றைச் சுவர்தான். பேசக் கூடாது என்பதால் இருவரும் சுவரிடம் பேசினார்கள்.

“சுவரே, கம்பிய அவ்வளவு வளைச்சா ஒடியத்தான் செய்யும்னு சிலருக்கு யாராவது சொல்லக் கூடாதா?”

“சுவரே, கைப்பிடி உலக்கை மாதிரி இருந்தா குடை குப்புற விழும்னு சிலருக்குத் தெரியவே தெரியாதா?”

சிலரின் கம்பி நிமிர்ந்தது, சிலரின் கைப்பிடி இளைத்தது. அந்தப் பக்கச் சுவரில் காதை வைத்திருந்த இரட்டையர் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார்கள். இப்படியாக, யார் செய்தது என்று எவரும் சொல்ல முடியாத ஒரு குடை உருவானது. பட்டனை அமுக்கினால் பதவிசாக விரியும். காற்றில் மடங்கினால் ஒரு இருமல் இருமித் தானே நிமிர்ந்துகொள்ளும். கப்பலேறிப் போய் மழையே பெய்யாத ஊர்களில்கூட விற்றது.

சுவர் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தது. பிறகு ஒரு மதியம், இருவரும் தட்டில் கை வைத்த நேரத்தில், செங்கல் செங்கலாகப் பெருமூச்சு விட்டு, தன்னைத் தானே பிடுங்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கமாகப் போய்விட்டது. அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

“மூக்கு எப்படியிருக்கு?” என்றாள்.

“மழை வர்றதுக்கு முந்தி வலிக்குது.”

“நல்லதாப் போச்சு. எப்ப குடை அதிகமா செய்யணும்னு தெரிஞ்சிடும்.”

அவருக்குச் சிரிப்பில் புரையேறியது. அவள் எழுந்து போய்த் தலையில் தட்டினாள், தேவைக்கு மேல் கொஞ்சம் பலமாகவே.

அடுத்த வாரம் புதுமை மையம் வந்தது. உள்ளே அதிகாரி மேஜையில் உட்கார்ந்தபடியே இருந்தார். நீரூற்று பின்னால் சொட்டிக்கொண்டே வந்தது. டீக்கடைக்குப் பின்புறம்தான் இடம் இருந்தது. அவர் ஜன்னலைத் திறந்து, சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்னார். “சார், வெயில மறைக்குது, துணி காயணும்” என்றாள் தையல்காரி. கட்டடம் கொஞ்சம் தள்ளி நின்றது.