வேலாயி தொட்ட பிள்ளை

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையின் முதல் வரைவு ஒரு மனு. 1958இல் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். "பிள்ளைக்காம்பரா ஆயா வேலாயியை இனித் தோட்டத்துக்குள் சேர்க்கக் கூடாது" என்று துரைக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். கீழே நாற்பத்தொரு பெருவிரல் ரேகைகள். காரணம் என்ற இடத்தில் 'சூனியம்' என்று எழுத வெட்கமாக இருந்தது. 'நடத்தைக் குறைவு' என்று எழுதினேன்.

[இந்த வரியை ஒவ்வொரு படியிலும் அடிக்கிறேன். பிறகு திரும்ப எழுதுகிறேன்.]

2.

எங்கே தொடங்குவது?

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்..." வேண்டாம். இங்கே எந்தக் காலையில் பெய்யவில்லை?

"வேலாயி தங்கமானவள்..." அதுவும் வேண்டாம். தங்கமானவளாக இல்லாவிட்டால் விரட்டலாமா? அவள் வாய்த்துடுக்குக்காரி. புருஷன் செத்து, பிள்ளையில்லாமல், லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். பிள்ளைக்குச் சொறி கண்டால் தாயை நாலு பேர் முன்னால் ஏசுவாள். அவளிடம் ஏச்சு வாங்காத வீடு இல்லை.

அம்மாக்கண்ணுவிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கதையில் எனக்கு அடுத்த குற்றவாளி அவள்.

3.

அந்த ஆனியில் பதினைந்து நாளுக்குள் மூன்று பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் போயின. இரண்டாவது, அம்மாக்கண்ணுவின் ஒன்றரை வயது மகள்.

மேல் லயத்துக் கக்கூஸ் கழிவு ஓடும் கான் மழையில் உடைந்து, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் கலந்திருந்தது. கங்காணி சிவசாமிக்கு அது தெரியும். துரையிடம் சொன்னால், இத்தனை நாள் என்ன செய்தாய் என்பார். அதனால் சொல்லவில்லை. வேலாயிக்கும் தெரியும்.

"தண்ணி நாறுது புள்ள. கொதிக்க வச்சுக் குடு" என்று அம்மாக்கண்ணுவிடம் சொல்லியிருந்தாள்.

மகளுக்கு வயிறு போகத் தொடங்கியதற்கு முந்தின நாள் காலை, விறகு ஈரம். காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் வேலையில்லையென்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாக்கண்ணு பச்சைத் தண்ணீரையே மகள் வாயில் ஊற்றிவிட்டு, பிள்ளையை வேலாயியிடம் இறக்கிவிட்டு ஓடினாள்.

மூன்றாவது பிள்ளையைப் புதைத்த மறுநாள் சிவசாமி ஹட்டனிலிருந்து ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார். கோவில் வாசலில் உடுக்கடித்துக் கோடாங்கி குறி சொன்னான்: "தனியா இருக்கிற பொம்பள. புள்ளயத் தொட்டவ." எல்லாப் பிள்ளைகளையும் தொடுவதுதான் வேலாயியின் வேலை.

சிவசாமி, "அம்மாக்கண்ணு, பெத்தவ நீ. பயப்படாம சொல்லு. அன்னிக்கி வேலாயி ஒம் புள்ளயத் தொட்டாளா?" என்று கேட்டார்.

"சொல்லேன்டி" என்றாள் வேலாயி. "நா ஒங்கிட்ட என்னா சொன்னேன்னு இவங்களுக்குச் சொல்லு."

அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் நீ ஏன் கொதிக்க வைக்கவில்லை என்பது. பிள்ளையைக் கொன்றது தன் கையா, வேலாயியின் கையா? இரண்டில் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் அம்மாக்கண்ணு லயத்துக்குத் திரும்ப வேண்டும்.

"தொட்டா" என்றாள்.

[பொய்யில்லை. ஆறு வருஷமாக என்னை அரிப்பது அதுதான்.]

பெண்கள்தான் முதலில் பாய்ந்தார்கள். தலைமயிரை அறுத்தார்கள். சட்டி பானையை வெளியே எறிந்தார்கள். வேலாயி கிழிந்த சேலையோடு மழையில் பசார் ரோட்டில் இறங்கிப் போனாள். அவள் திரும்பி வந்துவிடாதபடி மறுநாள் நான் மனு எழுதினேன்.

4.

[இங்கே கதை கட்டுரையாகிறது. பொறுமையில்லாதவர்கள் ஐந்துக்குப் போகலாம்.]

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பெண்களைக் கட்டித் தண்ணீரில் போட்டார்களாம். மிதந்தால் சூனியக்காரி, அமிழ்ந்தால் குற்றமற்றவள். வாசித்துச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. எங்களிடமும் பதினாறு வருஷமாக, குடியுரிமை வேண்டுமானால் அப்பன் இங்கே பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்கிறார்கள். காகிதமில்லாதவன் திருட்டுப் படகில் வந்த கள்ளத்தோணி. அதே 1958 கலவரத்தில் பஸ்ஸை மறித்து, பேச்சை வைத்துத் தமிழரைப் பிரித்து அடித்தார்கள். அந்தப் பயம் காயாத நாளில்தான் நாற்பத்தொரு பேரும் என் மேசைக்கு வந்தார்கள். மழையை விரட்ட முடியாது, துரையை முடியாது, அரசாங்கத்தை முடியாது. வேலாயியை முடியும். நான் மறுத்திருந்தால் அடுத்த பெயர் என்னுடையதாக...

இப்படி விளங்கப்படுத்தப் படுத்த நான் நல்லவனாகிக்கொண்டே வருகிறேன். நிறுத்துகிறேன்.

5.

வேலாயி போன பன்னிரண்டாம் நாள் நான்காவது பிள்ளை செத்தது.

மறுநாள் பெரட்டில் அம்மாக்கண்ணு வரிசையை விட்டு வெளியே வந்தாள். "வேலாயிக்கா தண்ணி நாறுதுன்னு எங்கிட்ட சொன்னாங்க. கொதிக்க வைக்கச் சொன்னாங்க. நாந்தான் வைக்கல. எம் புள்ளய நாந்தான்..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. எனக்கும் அதை முடித்து எழுதக் கை வரவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் சிவசாமி. "போனவ இவளுக்கும் மருந்து வச்சிட்டுப் போயிட்டா."

கூட்டம் அவளைவிட்டு ஓரடி விலகியது. ஆனாலும் அன்று மாலை சில அடுப்புகளில் தண்ணீர் கொதித்தது. துரைக்கு அடுத்தவராகப் பெரட்டில் நின்ற சின்னத் துரை காதிலும் விஷயம் விழுந்திருந்தது. ஒரு வாரத்தில் கானைக் கட்டினார்கள். சாவு நின்றது. ஊர் கோடாங்கியைப் புகழ்ந்தது. அம்மாக்கண்ணுவின் அருகில் மட்டும் அதன் பிறகு யாரும் பிள்ளையை விடவில்லை.

6.

போன மாதம் அம்மாக்கண்ணுவே என்னைத் தேடி வந்து இவ்வளவையும் சொன்னாள். நல்லதண்ணி ஊரில், மலைக்கு யாத்திரை போகிறவர்களுக்கு வேலாயி தேத்தண்ணிக் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனாளாம்.

முடிவு அ: வேலாயி அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (எழுதினேன், கிழித்தேன். அது எனக்காக எழுதியது.)

முடிவு ஆ: வேலாயி கொதிக்கிற தேத்தண்ணியை எடுத்து அவள் முகத்தில்... (இதுவும் எனக்காகத்தான்.)

அம்மாக்கண்ணு சொன்னது: "ரோட்டத் தாண்டிக் கடைக்கிட்ட போயி நின்னேங்க. வேலாயிக்கா நிமுந்து பாத்தாங்க."

"அப்புறம்?" என்றேன்.

"அன்னிக்கி ஊரே கூடி நின்னு கேட்டீங்க, சொன்னேன். அதுல என்னா ஆச்சுன்னு பாத்தீங்கதானே. இது எங்க ரெண்டு பேருக்குள்ளங்க, வாத்தியாரய்யா."

வெட்கமில்லாமல் இன்னொரு முறை கேட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.