ஒட்டு விழும் இடம்

நல்லுசாமிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அன்புக்கரசிக்கு முதலில் வயிறு எரிந்தது அதற்குத்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றாறில், கன்னிவாடிக்கு அவளைப் பெண் பார்க்க வந்தவன். கேசரியைத் தின்றுவிட்டு, போட்டோவை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். அவன் கடை வைத்திருந்த நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் அது கை மாறிக் கை மாறிப் போனது. "இந்த மூஞ்சிக்கு நான் மாலை வாங்கணுமாம்ல!" என்று அவன் சொன்னதையும், கடை கடையாகச் சிரித்ததையும் பூ கொண்டுபோன அவள் சித்தப்பா காதாலேயே கேட்டுவிட்டு வந்தார். போட்டோ திரும்பி வரவேயில்லை.

இப்போது அதே நல்லுசாமி சொந்தக் காசில் படம் எடுத்து, தானே கதாநாயகனாகவும் நடித்து, போஸ்டர் செய்யத் திண்டுக்கல்லில் கிதர் முகம்மது பாயின் கடைக்கு வந்திருந்தான். பாய் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போயிருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் அன்புக்கரசி மட்டும்.

பின்னணியை அவள் கையாலேயே வரைந்தாள். எரியும் வானம், கரிய மலை, குதிரைகள். இரண்டு நாள் போஸ்டர் கலரோடு கிடந்து முடித்து, துண்டு துண்டாக ஸ்கேன் செய்து சேர்த்தாள். வேலையில் குறை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவன் போட்டோவில் கழுத்துச் சதையைக் குறைத்தாள், நெற்றியில் முடி வைத்தாள், மீசையை முறுக்கிவிட்டாள். முகத்தை, தொழில் தெரிந்தவர்கள் செய்வதுபோல, மேல் பாதியில் வைத்தாள்.

"ஏம்மா, மேல கொண்டுபோய் ஒதுக்குற? நட்ட நடுவுல வையி. அம்புட்டுச் சனமும் என் கண்ணைப் பாக்கணும்."

அவள் கை நின்றது. சுவர் போஸ்டர் இரண்டு தாளாக அச்சாகும். மேல் தாளும் கீழ்த் தாளும் சேரும் ஒட்டு சரியாக நடுவில் விழும். அங்கே முகம் வைக்கக்கூடாது என்பது பசை காய்ச்சுகிறவனுக்குக்கூடத் தெரியும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நடுவுலயே வச்சிரவா சார்?"

"வையிங்கிறேன்ல."

"இன்னும் பெருசாக்கவா?"

"அப்பிடிக் கேளு! உனக்குத்தான் வேலை தெரியுது."

மாதிரித் தாளில் அவனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

படம் வெளியாக மூன்று நாள் இருக்கையில் போஸ்டர் சுவரேறியது. அன்று காலை டவுன் பஸ்ஸில் ஊரைச் சுற்றினாள். ரயில் நிலையச் சுவரில் மூக்கு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. பிரியாணிக் கடைச் சந்தில் மேல் தாள் இறங்கி, கண்ணுக்குக் கீழே நேராக மீசை. நாகல் நகரில் இரண்டு தாளுக்கும் நடுவே விரற்கடை இடைவெளி; அதன் வழியே பழைய படத்து நடிகையின் உதடு எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று நின்று சிரித்துப் போனார்கள்.

பசை வாளியோடு ஏணியில் நின்ற இஞ்ஞாசியிடம், "என்னண்ணே இப்பிடி?" என்றாள்.

"விடியக்காலையிலருந்து இந்தாளு மூஞ்சியைச் சேத்துச் சேத்துப் பாக்குறேன் தாயி. மூக்கு வந்தா வாயி போயிருது, வாயி வந்தா மூக்கு போயிருது."

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

மதியம் நல்லுசாமி கடைக்குள் பாய்ந்து வந்தான். பூ மார்க்கெட்டே கேலி பேசுகிறதாம். அவன் கையெழுத்துப் போட்ட மாதிரித் தாளை அவள் எடுத்து நீட்டினாள். அவன் குரல் இறங்கியது.

"என்னையத் தெரியலையா? கன்னிவாடி. தொண்ணூத்தாறுல பொண்ணு பாக்க வந்தீங்க" என்றாள்.

நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நடிப்பில்லை, அது அவனுக்கு அவ்வளவு நன்றாக வராது.

"அந்த வருஷம் பத்துப் பதினஞ்சு எடம் பாத்தோம்மா. இப்ப எதுக்கு அது? உடனே வேற போஸ்டர் அடிக்கணும். நீயே பாத்து எங்கயாச்சும் வையி. நடுவு மட்டும் வேண்டாம்."

காலையில் சிரித்த சிரிப்பெல்லாம் அவளுக்கு வாயில் கசந்தது. பழைய கணக்கு தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

"சரிங்க சார். வானம் முழுசாத் தெரியிற மாதிரி வைக்கிறேன். பிரம்மாண்டமா இருக்கும்."

அவன் தலையாட்டினான். அவள் மவுஸால் அவன் முகத்தைப் பிடித்துக் கீழே, இன்னும் கீழே, போஸ்டரின் அடி ஓரத்துக்கு இழுத்தாள். மைதாப் பசை வாசத்துக்கு வரும் தெரு ஆடுகளுக்கு அந்த உயரம்தான் வாய்க்கு எட்டும்.