சீட் பெல்ட்டில் ஒரு பழுப்புக் கோடு

வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்ததுமே கணக்கு வாத்தியாருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எதற்கும் நாலு கேள்வி கேட்கிற மனுஷர் வாயை மூடிக்கொண்டார் என்றால் மனசுக்குள் முடிவு பண்ணியாயிற்று என்று அர்த்தம். அவர் மனைவிக்கு அது தெரியும்.

அவளுக்கு அந்த வண்டி பிடிக்கவில்லை. ஏன் என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

மூன்று மாதமாகத் தேடுகிறார்கள். பெட்ரோல் வண்டிதான் வேண்டும். டீசல் வாடை பட்டால் சின்ன மகள் பத்தாவது நிமிடம் வாந்தி எடுப்பாள். ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆன வாத்தியாரால் மலைப்பாதையில் கிளட்சை மிதித்துக்கொண்டே இருக்க முடியாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாகவும் இருக்க வேண்டும்; போன லீவில் வாடகைக் கார் காட்டுப்பாதைச் சேற்றில் புதைந்து, டிராக்டர் வந்து இழுக்கும்வரை நாலு மணி நேரம் மழையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்த பழைய வண்டி கண்ணில் படுவதே அபூர்வம். லீவுக்கு இன்னும் இரண்டே வாரம். மலை, காடு, கடல் என்று பத்து நாள் சுற்றப்போவதாகப் பெண்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

இந்த வண்டியை விற்பவர் பல் டாக்டர். கரும்பச்சை நிறம், கீறல் இல்லை, கதவைத் திறந்தால் சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தது.

"இவ்வளவு வருஷம் ஓடின வண்டிக்குத் தரை விரிப்பு மட்டும் புத்தம்புதுசா இருக்கே டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"சுத்தம் பாக்குற ஆளும்மா நான். தொழில் அப்படி," என்றார் டாக்டர். வாத்தியார் தேவைக்கு மேலேயே சிரித்தார்.

அவள் பதினோரு வருஷமாக ஒரு கார் சீட் கவர் கடையில் தைக்கிறாள். கணக்கில்லாத கார்களின் சீட்டைக் கழற்றிப் போட்டு, கவர் மாட்டி, திரும்பப் பூட்டியவள். வீட்டில் எல்லோரும் அதற்கு வைத்திருந்த பெயர் 'தையல் வேலை'.

"ஏரி ரோட்ல ஒரு சுத்து போயிட்டு வரலாம் சார்," என்றார் டாக்டர். "நாளைக்குக் காலையில வேற ஒரு பார்ட்டி வர்றாங்க. அதுக்குள்ள நீங்க சொல்லிட்டா நல்லது."

"ஏரி ரோடு சமதரையாச்சே. மலை ஏறுதான்னு பாத்துடலாம். நாங்க வாங்குறதே அதுக்குத்தானே?"

"மலைக்கு எதுக்கு சார்? பெட்ரோல் வேற கம்மியா இருக்கு."

முள் பாதிக்கு மேல் நின்றதை அவள் பார்த்தாள். வாத்தியார் பார்க்கவில்லை; அவர் ஏற்கெனவே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ஒரு நிமிடம் வெளியிலேயே நின்றார். பிறகு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் அவள், இரண்டு பக்கமும் பெண்கள்.

மலைப்பாதை தொடங்கிய இடத்தில்தான், சின்னவள் சீட் பெல்ட் போடவில்லை என்பதை அவள் கவனித்தாள். இழுத்தாள். பாதியில் மக்கர் செய்தது. விடாமல் இழுத்துக் கடைசிவரை வெளியே எடுத்தாள். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில், குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. விரலில் மாவு மாதிரி மண் ஒட்டியது.

குனிந்து, முன்சீட்டுக்கு அடியில் புது விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கையை விட்டாள். போல்ட் தலை துரு பிடித்து, தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. வெள்ளம் வந்த வருஷம் கடைக்கு வந்த வண்டிகளெல்லாம் இப்படித்தான் இருந்தன.

"என்னங்க, வண்டிய ஓரமா நிறுத்துங்க."

"ஏன், சின்னவளுக்கு வாந்தி வருதா?"

"இல்ல. நிறுத்துங்க, சொல்றேன்."

"இந்த வளைவுல எங்க நிறுத்துறது? மேல போய் நிறுத்துறேன்."

ஒரு பக்கம் மண் மேடு. இன்னொரு பக்கம் இடுப்பளவுக் கல் தூண்கள், அதற்கப்புறம் வெறும் காற்று. எதிரே ஒரு லாரி இறங்கி ஒதுங்கிப் போகும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது தண்ணியில முங்குன வண்டிங்க," என்றாள். "சீட் மட்டத்துக்குத் தண்ணி நின்னுருக்கு."

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

"டாக்டர் வண்டியப் போய்…" வாத்தியாரின் கழுத்து சிவந்தது. "உனக்கு உறை தைக்கத் தெரியும். வண்டியப் பத்தி என்ன தெரியும்? புள்ளைங்க முன்னாடி பேசற பேச்சா இது? சும்மா வா."

அவள் பெரியவளின் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தாள். சின்னவளை நெருக்கி அணைத்துக்கொண்டாள்.

அடுத்த வளைவு வந்தபோது டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். "சார், திருப்பிடலாம். கீழ போயிடலாம்."

"ஏன் டாக்டர்?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் டாஷ்போர்டில் எரிந்த விளக்குகள் எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. செங்குத்தான ஏற்றத்தின் நடுவில் வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது.

வாத்தியார் பிரேக்கை மிதித்தார். பதற்றத்தில் விட்டு விட்டு மிதித்தார். எஞ்சினின் உதவி இல்லாமல் மூன்றாவது மிதிக்கு அது கல்லாக இறுகிவிட்டது. கியரை 'பார்க்கிங்'கில் தள்ளினார். அடியில் பற்சக்கரம் கரகரவென்று அரைத்ததே தவிர வண்டி நிற்கவில்லை.

"ஹேண்ட் பிரேக் டாக்டர், இழுங்க," என்றாள் அவள். டாக்டர் இரண்டு கையாலும் இழுத்தார். வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது, நிற்கவில்லை. பின்கண்ணாடியில் கல் தூண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"என்னங்க, மலைப் பக்கம் திருப்புங்க. மேட்டுல மோதட்டும்."

"திரும்பலடி. இறுகிப்போச்சு."

அவள் தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்சீட்டுகளுக்கு நடுவில் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பற்றினாள். தடித்த தோல் உறைகளை இழுத்து இழுத்து உரமேறிய கை. இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். வாத்தியார் ஆபரேஷன் ஆன காலையும் பிரேக்கில் வைத்து அழுத்தி, பல்லைக் கடித்தபடி முனகினார். அங்குலம் அங்குலமாக ஸ்டியரிங் திரும்பியது. வண்டியின் பின்பக்கம் மெல்ல மலைப் பக்கமாக வளைந்து, தடாலென்று மண் மேட்டில் இடித்து நின்றது. பின்விளக்கு உடைந்து சிதறியது.

சின்னவள் அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

பெண்களை இறக்கி மேட்டின் மேல் ஏற்றிவிட்டு, இரண்டு கல்லைத் தூக்கி வந்து அவளே சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.

டாக்டர் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

"முங்குன வண்டின்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கினேன். எனக்கு வித்தவன் புது விரிப்பு போட்டே குடுத்தான்."

"வழியில நிக்கும்னு தெரியுமா, தெரியாதா?"

அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டு தடவ நின்னுச்சு. ரெண்டும் சமதரையில. மெக்கானிக்குக்குக் காரணம் பிடிபடல. மூணாவது தடவைக்கு முன்னாடி தள்ளிவிட்டுடலாம்னு நினைச்சேன்."

"எங்க தலையில."

அவள் அவருக்கு நேரெதிரே வந்து நின்றாள்.

"நாளைக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

டாக்டர் போனை எடுத்தார். விரல் இரண்டு தடவை தப்பான இடத்தில் பட்டது. அவள் எதிரிலேயே பேசினார்: வண்டி வெள்ளத்தில் முங்கியது, ஓட்டத்தில் நின்றுபோகிறது, விற்கவில்லை, வர வேண்டாம். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "ஆமாங்க, நின்னுபோறது தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்," என்றார்.

இழுவை வண்டிக்குச் சொல்லி அவரை அங்கேயே விட்டுவிட்டு, நாலு பேரும் நடந்தே இறங்கினார்கள். வாத்தியார் நொண்டினார். பாதி தூரத்தில் நின்று, "அப்படிப் பேசியிருக்கக்கூடாது," என்றார்.

"பாத்து நடங்க. ஜல்லி கிடக்கு," என்றாள் அவள். அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனாலும் அவர் தோளுக்குக் கை கொடுத்தாள்.

அந்த லீவில் எங்கும் போகவில்லை. பெண்கள் இருவரும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு தச்சரிடம் இன்னொரு வண்டி கிடைத்தது. அதுவும் பெட்ரோல், ஆட்டோமேட்டிக், நாலு சக்கர இழுவை. பெயிண்ட் வெளுத்து, ஒரு கதவு நசுங்கி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அவள் உள்ளே ஏறி முக்கால் மணி நேரம் இறங்கவில்லை. எல்லா பெல்ட்டையும் இழுத்தாள், சீட்டைத் தூக்கினாள், விரிப்புக்கு அடியில் முகர்ந்தாள். கியர் ஆயிலையும் அடிப்பாகத்தையும் பார்க்கத் தன் கடைக்குப் பக்கத்து மெக்கானிக்கையும் கூட்டி வந்திருந்தாள். தச்சர் பொறுமையிழந்து, "என்ன சார், பிடிச்சிருக்கா இல்லையா?" என்று கேட்டார்.

"என்னக் கேக்காதீங்க. அவங்க பாத்து முடிக்கட்டும்," என்றார் வாத்தியார்.

அந்த வண்டியில்தான் மலைக்குப் போனார்கள். ஏற்றம் தொடங்கியதும் நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாத்தியாரின் கண் அடிக்கடி டாஷ்போர்டு விளக்குகளுக்கே போனது. அவள் கை ஹேண்ட் பிரேக் மேலேயே இருந்தது. வளைவுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. உச்சியில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி, வாத்தியார் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பப் பேசலாமா?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டாள் பெரியவள்.